முதலில் சீல் போடுங்கள், அப்புறம் ஓடிபி கேளுங்கள்

வங்கிக் கிளைகளில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேலாளர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கடையில் நின்றால் எதிரே வங்கி தெரியும். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு ரோட்டைத் தாண்டி வந்து டீ குடிக்க உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதோடு, வேறு ஊரில் வேறு போர்டு மாட்டிய கிளைகளிலும் இதே கதைதான் என்று என்னைப் போல் கடை வைத்திருக்கிற சிநேகிதர்கள் சொல்கிறார்கள். அதனால் இந்த மடலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

14 வருஷமாக உங்கள் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவன் நான். கேஒய்சி, ஆதார் இணைப்பு, செல் நம்பர் மாற்றம், செக் புத்தகம், இறந்தவர் கணக்கு முடிப்பது என்று எல்லாமே என் மேசையில் எழுதித்தான் உங்கள் மேசைக்கு வரும். "அண்ணாச்சி, பேங்க்ல இத எழுதிட்டு வரச் சொல்லுதாவ" என்று காலையில் பத்துப் பேராவது வருவார்கள். ஒரு வகையில் பார்த்தால் உங்கள் கிளையில் சம்பளம் இல்லாத ஊழியன் நான்.

மூன்று நாலு வருஷமாகப் புதுசாக ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் படிவம் கேட்டு வருவதில்லை. செல்லை நீட்டிப் பிடித்தபடி வருவார்கள். "இதக் கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்பார்கள். பார்த்தால், கணக்கில் பணம் இருக்காது. அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர். வாரக் கூலி கணக்கில்தான் ஏறும். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அதற்காகச் சேர்த்து வைத்த 46,300 ரூபாய், வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று தவணையாகப் போய்விட்டது: 20,000, 20,000, 6,300. சனிக்கிழமை காலையில் ஏடிஎம்முக்குப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. மீதி 112 ரூபாய். அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, நீங்கள் திறந்திருக்கவில்லை. அதனால் நேரே என் கடைக்கு வந்தார்.

நடந்தது இதுதான். அவர் கொழுந்தன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மகன் ஓட்டுகிற பைக்குக்கு ஆர்டிஓ அபராதம் போட்டிருக்கிறது, சலானைப் பார்க்க இதைத் தொடவும் என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் செல்லில் ஆப்பை ஏற்றுகிற கோப்பு. சொந்தக்காரர் எண் என்பதால் மகன் தொட்டுவிட்டான். உள்ளே அரசு முத்திரை மாதிரி ஒரு படம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தான். 1 ரூபாய் கட்டச் சொல்லி அட்டை எண் கேட்டது, அதையும் அம்மாவின் கார்டைப் பார்த்து அடித்தான். அதன்பிறகு அந்த செல்லுக்கு வருகிற ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் எங்கேயோ இருக்கிறவனுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஓடிபியும்தான். கொழுந்தனும் இதே மாதிரி ஏதோ ஒன்றைத் தொட்டு, அவர் வாட்ஸ்அப் களவு போய், அதிலிருந்துதான் ஊர் முழுக்க இந்தக் கோப்பு போயிருக்கிறது. பிரதமர் கிசான் பணம், கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் என்று பெயரை மாற்றி மாற்றி இது சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்தோம். இணைப்பு கிடைக்கவே ஒன்பது தடவை ஆனது. எடுத்தவர் நல்லபடியாகப் பேசினார். கணக்கு எண், தொகை, நேரம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க எண் எல்லாம் கேட்டார். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த எஸ்எம்எஸ்ஸும் திருடனுக்குத்தானே போகும்! உடனே அக்காவின் சிம்மைக் கழற்றி என் பழைய பட்டன் செல்லில் போட்டோம். அவர் செல்லை ஃபிளைட் மோடில் வைத்து மேசை டிராயருக்குள் தள்ளினேன். பட்டன் செல்லில் டிங் என்று புகார் எண் வந்ததும் அந்த அக்கா ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், பணமே திரும்பி வந்த மாதிரி.

திங்கட்கிழமை உங்கள் கிளைக்கு அழைத்துப் போனேன். புகார் மனு இரண்டு பிரதி எழுதிக் கையில் வைத்திருந்தோம். நீங்கள் மனுவைக் கையில் வாங்கவில்லை. முதல் கேள்வியே, "ஓடிபி சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாம எப்படிம்மா போகும்?"

வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா பதில் பேசவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஓடிபி என்றால் எதைச் சொல்கிறார்கள் என்றே அவருக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை என்று வெளியே வந்தபிறகு சொன்னார். பிறகு நீங்கள் சொன்னது: கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணுங்க, சைபர் கிரைம்ல எழுதிக் குடுங்க, இது எங்க கையில இல்ல. நான் குறுக்கே புகுந்து, சரி சார், மனுவை வாங்கிக்கொண்டு நகலில் ஒரு சீல் மட்டும் போட்டுத் தாருங்கள் என்றேன். மேனேஜர் லீவு என்றீர்கள். சீலுக்கு எதற்கு மேனேஜர் என்று கேட்டேன். ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடக்கிறது என்றீர்கள்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு சீலும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களில் பலருக்கே தெரியவில்லையோ என்ற சந்தேகத்தில்தான் எழுதுகிறேன்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் யார் எவ்வளவு பொறுப்பு என்று சொல்வது. அதை நான் அச்சடித்துக் கடையில் வைத்திருக்கிறேன், மூலைகள் மடங்கிப் போயிருக்கின்றன. தப்பு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டம்கூட வரக்கூடாது. தப்பு இரண்டு பேர் பக்கமும் இல்லாமல் வேறு எங்கேயோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரைக்கும்தான் நஷ்டம். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். அதற்கு மேல் தாமதமானால் உங்கள் நிர்வாகக் குழு வகுத்த கொள்கைப்படி. அந்தக் கொள்கையையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கவேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளையில் சுவரில் இருப்பது நகைக்கடன் வட்டி விகிதமும் ஒரு காலண்டரும்.

வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைத் தானே கொடுத்து ஏமாந்தால்? அந்த நஷ்டம் அவருடையதுதான் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியைத்தான் உங்களில் யாரும் வாசிக்கக் கேட்டதில்லை. அவர் வங்கிக்குச் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகிற பணம் முழுவதும் வங்கியின் பொறுப்பு. தப்பு அவர் பேரில் இருந்தாலும்கூட.

ஆக, தப்பு யாருடையது என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் எப்போது சொன்னார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல். அதற்குச் சாட்சி வேறெதுவும் கிடையாது. நீங்கள் வைக்கிற சீலும், அதில் எழுதுகிற தேதியும் மணியும்தான்.

எங்கள் தெருவில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். போன வருஷம் அவர் கணக்கிலிருந்து 15,000 ரூபாய் போனது. காலை 11.10க்குக் கிளைக்குப் போய் நேரில் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் நோட்டில் குறித்து வைக்கிற மனுஷர், நேரத்தை அப்படித்தான் குறித்திருக்கிறார். "கார்டை பிளாக் பண்ணணும் சார், கஸ்டமர் கேருக்கு அடிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கஸ்டமர் கேரில் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்து, பாட்டுப் போட்டு, நடுவில் துண்டித்து, மறுபடி ஆரம்பித்து... அதற்குள் மணி 12.40. மேற்கொண்டு 20,000 போய்விட்டது. இரண்டாவது தடவை போன அந்த 20,000 யார் பணம்? சுற்றறிக்கைப்படி வங்கியின் நஷ்டம். ஆனால் 11.10க்குச் சொன்னார் என்பதற்கு வாத்தியாரின் நோட்டைத் தவிர எங்கேயும் பதிவு இல்லை. "நீங்க 12.50க்குத்தான் கஸ்டமர் கேர்ல ரிப்போர்ட் பண்ணியிருக்கீங்க" என்று பதில் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை நடந்தார். நாலாவது தடவை போகவில்லை.

கிளையில் சொன்னால் செல்லாது என்று எங்கே இருக்கிறது? புகார் கொடுக்க வங்கி திறந்து வைக்கவேண்டிய வழிகள் என்று அந்தச் சுற்றறிக்கையில் வலைத்தளம், ஃபோன், எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கட்டணமில்லா எண் ஆகியவற்றோடு, கணக்கு இருக்கும் கிளையில் சொல்வதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். புகார் வந்த உடனே புகார் எண்ணோடு ஒப்புகை போகவேண்டும் என்றும் இருக்கிறது. இது எங்க கையில இல்ல என்று இனிமேல் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிரூபிக்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்பது இன்னொன்று. வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. இதுவும் அதே தாளில் ஒரே வரியில் இருக்கிறது. கவுண்டரில் அது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. "சொல்லாம எப்படிம்மா போகும்?" என்றால் என்ன அர்த்தம்? நீ சொல்லவில்லை என்பதை நீயே நிரூபி என்றுதானே? பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அப்போது திருடன் ஃபோன் பண்ணி, "ஏடிஎம் கார்டு மேல பதினாறு நம்பர்" என்று கேட்பான், நம் ஆள் வாசித்துக் காட்டுவார். இன்றைக்கு அவனுக்கு நம் வாய் தேவையில்லை, செல்லே அவனிடம் வாசித்துக் காட்டிவிடுகிறது. ஆதார் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கிற முறையிலோ ஓடிபியே கிடையாது. ரேகையை நகல் எடுத்துப் பணம் அடித்த வழக்குகள் நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. அப்படிப் பறிகொடுத்தவரிடமும் ஓடிபி சொன்னீங்களா என்றுதான் கேட்பீர்களா? ரேகையைப் பூட்டி வைக்க ஆதாரிலேயே வசதி இருக்கிறது. என் கடையில் அதை இலவசமாகச் செய்து கொடுக்கிறேன். அதைச் சொல்லி ஒரு தாள் உங்கள் கவுண்டரில் ஒட்டினால் குறைந்தா போய்விடும்?

பீடி அக்காவுக்கு வங்கி கடைசியில் எழுதிய பதில் மூன்று வரி, ஆங்கிலத்தில். பரிவர்த்தனைகள் ஓடிபி மூலம் உறுதி செய்யப்பட்டிருப்பதால் வங்கி பொறுப்பேற்க இயலாது. நான் தமிழில் சொன்னதும் அவர் கேட்டார், "அப்போ நான் பொய் சொல்லுதேன்னு எழுதியிருக்காவளா?" என்ன பதில் சொல்ல?

கார்டு எண்ணை அடித்தது அவர் மகன் செய்த தப்பு என்று நீங்கள் வாதிடலாம். தாராளமாக வாதிடுங்கள், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ் புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட 2,000 ரூபாய்க்கு மேல் வெளியே போனதில்லை. வாராவாரம் கூலி ஏறும், மாசக் கடைசியில் ஐந்நூறு, ஆயிரம் இறங்கும். அப்படிப்பட்ட கணக்கில் ராத்திரி 11.52க்கு ஆரம்பித்து ஆறு நிமிஷத்தில் மூன்று தடவை துடைத்து எடுக்கிறான். உங்கள் கணினிக்கு அது வித்தியாசமாகவே படவில்லையா? மோசடியைக் கண்டுபிடித்துத் தடுக்கிற வலுவான ஏற்பாடு வங்கியில் இருக்கவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். நான் 50,000 ரூபாய்க்கு ஒரு செக் போட்டால் கையெழுத்தில் சுழி சரியில்லை என்று கூப்பிட்டுக் கேட்கிறீர்களே!

அதே தாளில் ஒரு பத்து நாள் கணக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் தெரிவித்த 10 வேலை நாளுக்குள், போன தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்கவேண்டும். விசாரித்து 90 நாளுக்குள் முடிக்கவேண்டும். இந்தப் பதினாலு வருஷத்தில் அப்படி வரவு வைத்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் உங்கள் கிளையில்தான். போன வருஷம் மாற்றலாகிப் போன ஒரு மேடம், ஒரு மளிகைக் கடைக்காரரின் மனுவைப் பார்த்ததும் முதலில் கணக்கைத் தடுத்து வைத்தார், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து நகலில் மணியை எழுதினார், சீல் போட்டார், அதற்குப் பிறகுதான் "இப்ப சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டார். மொத்தம் நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த மளிகைக் கடைக்காரருக்கு எட்டாவது வேலை நாளில் 9,500 ரூபாய் கணக்கில் ஏறியது. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

அந்த மேடம் இன்னொன்றும் செய்வார். கஸ்டமர் கேர் எண்ணை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டிவிடுவார். இதன் அருமை எனக்குத்தான் தெரியும். "கஸ்டமர் கேருக்கு அடிங்க" என்று நீங்கள் சொல்லி அனுப்பினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கூகுளில் தேடுவார்கள். மேலே வருகிற எண்ணில் பாதி திருடன் போட்ட எண். அவன் உங்களைவிட மரியாதையாகப் பேசுவான். "கவலைப்படாதீங்க அம்மா, ஒரு ஆப் இறக்குங்க, நான் சரி பண்ணித் தாரேன்" என்பான். திரையைப் பகிர்கிற ஆப். பறிகொடுத்தவரிடமிருந்தே இரண்டாவது தடவையும் பறிப்பதை என் மேசையில் இரண்டு பேரிடம் பார்த்துவிட்டேன்.

சரி, திருடனை விடுங்கள். உங்கள் பெயரில் வருகிற அழைப்புகளையும் எஸ்எம்எஸ்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்ணை நம்பாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள் என்று ஏடிஎம் கதவில் ஒட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கே சாயங்காலம் உங்கள் வங்கியின் ஏஜென்ட் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிட்டு, "சார், பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு, ஒரு லிங்க் அனுப்புறேன், தொடுங்க" என்கிறார். இரண்டில் எதைக் கேட்க? வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் அழைப்புக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசை வந்திருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகளும் பேங்க் டாட் இன் என்று முடியும்படி மாறிவிட்டன. எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, அரசு என்றால் ஜி என்று ஒரு எழுத்து வருகிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். கடைக்கு வருகிறவர்களிடம், "கடைசி எழுத்தப் பாருங்க, பின்னாடி ஒண்ணும் இல்லாம பத்து நம்பர்லருந்து வந்தா அது பேங்க் இல்ல" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் ஏஜென்டே பத்து நம்பரில் கூப்பிட்டால் என் பேச்சை யார் மதிப்பார்கள்?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அனுமதி இல்லாமல் பணம் எடுப்பது என்று வந்துவிட்டால் திருடனை மட்டும் பேசினால் போதாது. மே மாசக் கடைசியில் என் கடைக்கு வந்து பாருங்கள். "அண்ணாச்சி, 436 ரூவா எடுத்திருக்கான், என்னன்னு பாருங்க" என்று வருவார்கள். அதோடு ஒரு 20 ரூபாயும் போயிருக்கும். 436 என்பது ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 என்பது சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. இரண்டும் நல்ல திட்டம்தான், இரண்டு லட்சம் கிடைக்கும் என்று நானே பல பேரைச் சேரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சேர்ந்ததே தெரியாத ஆட்களிடமிருந்து எடுக்கிறீர்களே, அது என்ன கணக்கு? உங்களுக்கு மேலே இருந்து டார்கெட் வருகிறது என்பது எனக்குத் தெரியும். நகைக்கடனுக்கு வந்தவரிடம் நாலு இடத்தில் கையெழுத்து வாங்குவதும், அதில் ஒன்று எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் போவதும் எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவனே நான்தான். சேர்ந்தது தெரியாமலேயே ஒருவர் செத்துப்போனால், வீட்டு ஆட்களுக்கும் அந்த இரண்டு லட்சத்தைக் கேட்கத் தெரியாது. இதை மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

மாசா மாசம் தானாகப் போகிற சந்தாக்களும் இப்படித்தான். பேரன் ஏதோ விளையாட்டு ஆப்பில் 1 ரூபாய்க்குச் சோதனை என்று தொட்டிருப்பான், தாத்தா கணக்கிலிருந்து மாசம் 299 போய்க்கொண்டே இருக்கும். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வரவேண்டும் என்று விதி இருக்கிறது, பெரும்பாலும் வரவும் செய்கிறது. ஆங்கிலத்தில் வருகிறது, அவ்வளவுதான். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்து கொடுத்துவிடுவேன். இதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. தாத்தா ஒரு டீ வாங்கித் தருவார்.

அந்த டீக்கடைக்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பணத்தில் யாரோ அவர் கடையில் யூபிஐயில் 120 ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். வேறு மாநிலப் போலீஸ் ஒன்று கேட்டதன் பேரில் அவர் கணக்கு மொத்தமும் முடக்கம். பால்காரருக்குக் கொடுக்கவேண்டிய பணமும் அதில்தான். யார் முடக்கச் சொன்னது, எந்த வழக்கு, யாருக்கு எழுதவேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "மேல இருந்து வந்துருக்கு" என்பதுதான் பதில். பதினேழு நாள் அலைந்து, சந்தேகத் தொகையான 120 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவித்தீர்கள். முதல் நாளே அப்படிச் செய்திருக்கக் கூடாதா? இப்போது அவர் கடையில் க்யூஆர் அட்டையைத் திருப்பி வைத்திருக்கிறார். காசு மட்டும்தான் வாங்குகிறார்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு பேர் இருந்த இடத்தில் இப்போது நாலு பேர். முதியோர் பணம் வருகிற வாரம் கம்ப்யூட்டர் வேறு நின்றுவிடும். இந்தி மட்டும் தெரிந்த தம்பி ஒருவர் கேஷில் உட்கார்ந்து, "அம்மா, சைன், சைன்" என்று பாடுபடுவதையும் பார்க்கிறேன். ஏமாந்தேன் என்று பொய் சொல்லி வருகிறவர்களும் இருக்கலாம். அதையெல்லாம் விசாரணையில் பாருங்கள், 90 நாள் இருக்கிறது. சீல் போடுவதால் நீங்கள் எதையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. இந்த மனு இந்தத் தேதியில் இந்த மணிக்கு என் கைக்கு வந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒவ்வொரு கிளையிலும் அதற்கென்று ஒரு பதிவேடு வையுங்கள். மேனேஜர் இல்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வையுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்குத் தமிழில் ஒரு பக்கப் படிவம் தேவை, அதை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் முதல் கேள்வி "பணம் போனது எப்போது தெரிந்தது?" என்பதுதான். ஓடிபி பற்றிய கேள்வி ஒன்பதாவதாக இருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் வாங்காத மனுவை அன்றே ஸ்பீட் போஸ்டில் உங்கள் கிளைக்கே அனுப்பினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கட்டடத்துக்குத் தபாலில்! பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று தபால் ஆபீஸ் அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டே முகவரியைப் பார்த்துச் சிரித்தார். ஒட்டவேண்டிய முத்திரையை அவர் ஒட்டித் தந்துவிட்டார், தேதியும் மணியும் அதிலேயே இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை அந்த அக்கா வருகிறார். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் ஏற்றப் போகிறோம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ அங்கே போகலாம். 1930 வழியாக அந்த 6,300 மட்டும் போன இடத்தில் சிக்கியிருக்கிறது, மீதி 40,000 பற்றித்தான் வழக்கு. புகாரோடு என்னென்ன தாள் வைக்கலாம் என்று நேற்று ராத்திரி அடுக்கிப் பார்த்தேன். பாஸ் புத்தகப் பக்கங்கள், 1930 புகார் எண், உங்கள் மூன்று வரிப் பதில், தபால் ரசீது. வங்கிக்குத் தகவல் கொடுத்ததற்கான ஆதாரமாக அந்த ரசீதைத்தான் வைக்கிறேன்.

ஸ்டாம்ப் பேடு எங்கள் கடையில் இருக்கிறது. நீலம், கறுப்பு, ஊதா மூன்றும் உண்டு. ஆள் அனுப்பினால் கொடுத்தனுப்புகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
எதிர்க் கடைக்காரன்